கோடையில் பட்டணம் போவது யார்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தமிழாசிரியர் கொடுக்கும் முதல் கட்டுரைத் தலைப்பு நம் எல்லோருக்கும் தெரியும்: ‘கோடை விடுமுறையை எவ்வாறு கழித்தேன்’. ஊர்த்தெருப் பிள்ளைகள் மெரினாவைப் பற்றியும் வண்டலூர் புலியைப் பற்றியும் எழுதுவார்கள். சேரிப் பிள்ளைகள் பொய் எழுதப் பழகியது அந்தக் கட்டுரையில்தான். ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனதையும், அம்மா நூறு நாள் வேலைக்குப் போனபோது தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்ததையும் எந்த ஆசிரியரும் ‘கழித்தேன்’ கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே நாமும் சென்னைக்குப் போனோம், தாளில்.

நம் வீடுகளில் ரயில் ஏறாதவர்களே இல்லை என்பதும் உண்மை. கட்டட வேலைக்கு ஏறியிருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரிக்கு, மாநாட்டுக்கு, போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும் மைதானத்துக்கு, சிறையில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க என்று ஏறியிருக்கிறார்கள். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணமே இல்லாமல், கடலைப் பார்க்க வேண்டும், நாலு நாள் சும்மா இருக்க வேண்டும் என்று குடும்பத்தோடு ரயில் ஏறிய தலித் குடும்பத்தை நம் தாத்தா காலத்தில் காட்ட முடியுமா? அந்தச் ‘சும்மா’வுக்கு ஒரு வரலாறு உண்டு. நம் இயக்க வரலாறுகள் அதை எழுதுவதில்லை. வன்கொடுமைகளை எழுதவே நமக்கு நேரம் போதவில்லை.

இந்த வரலாற்றின் முதல் பக்கத்தை எழுதியவர் அண்ணல் அம்பேத்கர்தான். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று நாம் வாசிக்கும் அவருடைய நினைவுக் குறிப்பில் வரும் முதல் சம்பவம் ஒரு கோடை விடுமுறைப் பயணம். தீண்டாமைக் கொடுமையின் சாட்சியமாக மட்டுமே அதைப் படித்துப் பழகிவிட்டதால் இது நம் கண்ணில் படுவதில்லை. ஆண்டு 1901. சிறுவன் பீமுக்கு ஒன்பது வயது. குடும்பம் சதாராவில் இருக்கிறது. பஞ்ச நிவாரண வேலையாக ஏரி வெட்டும் கோரேகாவில் அப்பாவுக்குக் காசாளர் வேலை. கோடை விடுமுறைக்கு இங்கே வாருங்கள் என்று அப்பா எழுதுகிறார். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதுவரை ரயிலைப் பார்த்ததே இல்லை. புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி எல்லாம் வாங்கியாகிறது. விடுமுறைக்குப் புறப்படும் எந்தப் பிள்ளைக்கும் உள்ள பரபரப்பு அவர்களுக்கும் இருந்தது. அந்தப் பத்திகளை இன்னொரு முறை எடுத்துப் படித்துப் பாருங்கள். அவருடைய எழுத்தில் இவ்வளவு குதூகலம் வேறெங்கும் நமக்கு அகப்படவில்லை.

பிள்ளைகள் மசூர் நிலையத்தில் மாலையில் இறங்குகிறார்கள். அப்பா வரவில்லை. வருகிறோம் என்று எழுதிய கடிதத்தை அவருடைய பணியாள் அவரிடம் கொடுக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிகிறது. நல்ல உடுப்பில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்போடு விசாரிக்கிறார். ‘மகர்’ என்ற சொல் சிறுவனின் வாயிலிருந்து வந்ததும் அவர் முகம் மாறிவிடுகிறது. வாசலில் மாட்டு வண்டிகள் நிற்கின்றன; ஏற்றிக்கொள்ள ஆள் இல்லை. கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவர் சம்மதிக்கிறார், ஒரு நிபந்தனையோடு. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார். கையில் கட்டுச்சோறு இருந்தது. வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இரவைச் சுங்கச்சாவடியருகே கழித்து, மறுநாள் முற்பகலில்தான் கோரேகாவ் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தக் கதையில் ரயிலுக்குள் எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். டிக்கெட் எடுத்தார்கள், உட்கார்ந்தார்கள், சன்னல் வழியே வேடிக்கை பார்த்தார்கள். சாதி அவர்களை ஸ்டேஷனில் சந்தித்தது. வண்டியை விட்டு இறங்கி, யார் நீங்கள் என்று ஒரு மனிதர் கேட்கும் இடத்தில் அது காத்திருந்தது. அதே குறிப்பில் வரும் 1929 சாலிஸ்காவ் சம்பவமும் அப்படித்தான். அப்போது அவர் பாரிஸ்டர், பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். ரயிலில் சாலிஸ்காவ் வந்து இறங்குகிறார். ஒரு மகரை ஏற்றி ஓட்டுவதற்குக் குதிரைவண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். பழக்கமில்லாத நம் ஆள் ஒருவரே வண்டியை ஓட்ட, ஒரு பாலத்தில் அது கவிழ்ந்து பாபாசாகேபின் கால் எலும்பு முறிகிறது. 1934இல் இயக்கத் தோழர்களோடு எல்லோராக் குகைகளைப் பார்க்கக் கிளம்பியபோது தௌலதாபாத் கோட்டை வாசலில், குளத்துத் தண்ணீரைத் தொட்டதற்காகப் பெரிய கலவரமே மூண்டிருக்கும். அதுவும் சுற்றுலாதான் தோழர்களே! ஓயாமல் உழைத்த தலைவர் தம் தொண்டர்களோடு நாலு இடம் பார்க்கக் கிளம்பினார். அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

ரயில் வந்தால் சாதி கரைந்துவிடும் என்று நம்பியவர்களில் கார்ல் மார்க்சும் ஒருவர். இந்தியாவின் சாதி அமைப்பு பரம்பரைத் தொழில் பிரிவினையின் மேல் நிற்கிறது, ரயில்வே கொண்டுவரும் நவீனத் தொழில் அந்தப் பிரிவினையை உடைக்கும் என்று 1853இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதினார். மூன்றாண்டு கழித்து, 1856 ஜூலை 1 அன்று, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. மார்க்ஸ் பாதி சரி. சாதிக்கொரு பெட்டி போட்டு ஓட்டினால் ரயில்வே கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கூட்டத்தை அடைத்தால்தான் லாபம். அந்த நெரிசலில் பார்ப்பனர் தோளும் பறையர் தோளும் உரசத்தான் செய்தன. இந்த அளவு சமத்துவத்தை வெள்ளைக்காரரின் லாபக் கணக்கு கொடுத்தது. யாருடைய கருணையும் அதில் இல்லை.

பிளாட்பாரத்தில் கணக்கு வேறு. தண்ணீர் ஊற்ற ‘மேல்’சாதி ஆளைத்தான் ரயில்வே அமர்த்தியது. யார் கையிலிருந்து யார் வாங்கிக் குடிப்பது என்பதைச் சாதியே தீர்மானித்தது. சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். தென்னிந்திய ரயில்வேயின் நிலையங்களில் இருந்த அந்தத் தடுப்பை எதிர்த்துப் பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் தொடர்ந்து போராடினார்கள். 1941இல் அது ஒழிந்தது. ரயில் ஓடத் தொடங்கி 85 ஆண்டுகள் ஆனபிறகு! அந்தப் போராட்டத்தை நாம் நன்றியோடுதான் நினைக்கிறோம். ஆனால் பலகையில் எழுதியிருந்த அந்த ‘மற்றவர்’களில் நாம் இருந்தோமா என்ற கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. பார்ப்பனரல்லாத சாதி இந்து அமர்ந்து சாப்பிட்ட பலகையில் சேரிக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று அந்தக் காலத்தை அறிந்த யாரும் சொல்ல மாட்டார்கள். நம் ஆட்கள் கட்டுச்சோறு கொண்டுபோனார்கள். பார்ப்பனரும் கட்டுச்சோறுதான் கொண்டுபோனார். அவருக்குத் தீட்டுப் பட்டுவிடும் என்ற பயம், நமக்குக் கடையில் விட மாட்டார்கள் என்ற பயம்.

கடல் கடந்தும் இதே கட்டுச்சோறு இருந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தனி ரயில் பெட்டி. உணவுப் பெட்டிக்குள் விட மாட்டார்கள் என்பதால் செருப்புப் பெட்டியில் வறுத்த கோழியும் ரொட்டியும் கட்டி எடுத்துப் போவார்கள். 1936இல் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் ஒரு சிறு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். எந்த ஊரில் எந்த விடுதியில், எந்த உணவகத்தில், எந்தப் பெட்ரோல் நிலையத்தில் கறுப்பினத்தவரை அவமதிக்காமல் நடத்துவார்கள் என்ற பட்டியல் அது. முப்பதாண்டு அது வெளிவந்தது. கறுப்பினத்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பினார்கள். நமக்கு அப்படி ஒரு புத்தகம் வந்ததில்லை. எந்த ஊரில் எந்த டீக்கடையில் எப்படி என்பது வாய்வழியாக, அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு, இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

புதுக்கோட்டைக்கு வருவோம். நம் ஊருக்கு ரயில் மிகத் தாமதமாக வந்தது. திருச்சியில் 1860களிலேயே ரயில் ஓடுகிறது. அப்போது தஞ்சை ஜில்லாவில் இருந்த அறந்தாங்கிக்கு 1903இல் வந்துவிட்டது. தொண்டைமான் சமஸ்தானத்தின் தலைநகருக்குத் திருச்சியிலிருந்து இருப்புப்பாதை வர 1929 ஆயிற்று. மறு ஆண்டு அது மானாமதுரை வரை நீண்டது. 1907இல் மருத்துவம் படிக்கச் சென்னைக்குப் போன முத்துலட்சுமி ரெட்டிக்கே உள்ளூரில் ரயில் கிடையாது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1924இல் ரெட்டமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலை, பொதுக்கிணறு, குளம், பொதுக்கட்டடம் எதையும் தாழ்த்தப்பட்ட மக்கள் பயன்படுத்தத் தடையில்லை என்று அரசாணை வாங்கினார். ‘சாலையில் நடக்கலாம்’ என்பதற்கே ஓர் அரசாணை தேவைப்பட்ட காலம். ஆனால் அது சென்னை மாகாணத்துக்கான ஆணை. புதுக்கோட்டை மன்னராட்சி. 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும்வரை இங்கே சட்டம் வேறு, தர்பார் வேறு. ஆக 1929இல் தென்னிந்திய ரயில்வேயின் வண்டி உள்ளே நுழைந்தபோது, இரண்டு தண்டவாளத்துக்கு மேல் ஒரு நீதியும் இறங்கி நடந்தால் இன்னொரு நீதியும் நம் மக்களுக்கு இருந்தன. மசூரில் அந்தச் சிறுவன் கண்ட எல்லைக்கோடு இங்கே சட்டத்திலேயே கிழிபட்டிருந்தது.

அந்த ரயிலில் நம் ஆட்கள் எங்கே போனார்கள்? அன்று பட்டணம் என்றால் சென்னை மட்டுமல்ல. நம் மக்களில் எத்தனையோ பேருக்குப் பயணத்தின் திசை தெற்கு. மண்டபம் முகாம், தனுஷ்கோடி, தலைமன்னார், அங்கிருந்து மலைநாடு. 1914 முதல் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பல், மறுகரையில் கொழும்பு ரயில் என்று ஒரே டிக்கெட்டில் போகும் வசதி இருந்தது. அது துரைமார்களுக்கும் செட்டியார்களுக்கும். நம் ஆட்கள் கங்காணி பிடித்துக்கொடுத்த கூட்டமாகப் போனார்கள். இலங்கைத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் திரட்டும் தொழிலாளர் ஆணையம் 1904 முதல் திருச்சியிலிருந்துதான் இயங்கியது. திருச்சி, தஞ்சை, ராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைச் சீமை ஆகியவைதான் அவர்களுக்கு ஆள் விளையும் நிலம். போனவர்களில் பறையர், பள்ளர், சக்கிலியர் பெரும்பகுதி. தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். அதுதான் அவர்களுடைய டிக்கெட். மண்டபம் முகாமில் அம்மை ஊசி, உடுதுணிக்குப் புகை, நாள்கணக்கில் காவல். கங்காணியின் கடன் கணக்கு ரயில் ஏறும் முன்பே தொடங்கிவிடும். அந்தப் பாதையில் திரும்பி வந்தவர்களுக்கும் விடுமுறை இல்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தபோது, இரண்டு தலைமுறைக்கு முன் ஏறிய அதே கரையில் பலர் அகதிகளாக வந்து இறங்கினார்கள்.

ரயிலைப் பற்றி இவ்வளவு கசப்பாகச் சொன்னபிறகும், பேருந்தோடு ஒப்பிட்டால் ரயிலே மேல் என்றுதான் நம் பெரியவர்கள் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. பேருந்து உள்ளூர்க்காரருடையது. ஓட்டுநர், நடத்துநர், முதலாளி எல்லோருக்கும் நாம் எந்தத் தெரு என்று தெரியும். பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவில் தனியார் பேருந்துகள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தபோது, ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், ஏற்றாத வண்டிக்கு அனுமதி கிடையாது என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கியதும், அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று தென்மாவட்டங்களில் கலவரம் செய்தார்கள். கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. நம் ஒருவரின் பெயரைச் சுமக்கக் கூடாது என்பதற்காக எல்லாப் பெயரும் போயிற்று. ரயில்களுக்கு மட்டும் பல்லவன், சோழன், பாண்டியன் என்று மன்னர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அதே 1997இல், ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் மதுரை கலெக்டர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பினார்கள். பட்டப்பகலில் பேருந்தை மறித்து 6 பேரைக் கொன்றார்கள். ஊர் திரும்பும் வழி என்றாலே நம் நெஞ்சு ஒரு கணம் நின்று போவது அதனால்தான்.

ரயிலிலும் விசாரணை இல்லாமல் இல்லை. பெட்டியில் சார்ட் ஒட்டிய காலத்தில் அதில் பெயரும் வயதும்தான் இருந்தன, சாதி இருந்ததில்லை. எதிர் சீட்டு அம்மா முறுக்கை நீட்டிக்கொண்டே கேட்பார்: “எந்த ஊரு தம்பி?” சொல்வோம். “அங்க எந்தப் பக்கம்?” பஸ் ஸ்டாண்டு பக்கம் என்போம். “அப்பா பேரு?” இந்த மூன்று கேள்வியில் கேட்டவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். அதன்பிறகு முறுக்கு வருகிறதா இல்லையா என்பதை வைத்து நாமும் தெரிந்துகொள்வோம். விழுப்புரம் வருவதற்குள் இது முடிந்துவிடும். பிறகு தூங்கலாம்.

நம் மாவட்டம் நடமாட்டத்தின் வரலாற்றில் ஒரு நல்ல அத்தியாயத்தையும் எழுதியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதை எழுத்தறிவோடு சேர்த்தார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் மிதித்தார்கள். பி. சாய்நாத் அதை உலகுக்கு எழுதினார். நம் அம்மாக்கள் சிலர் அந்தப் படையில் இருந்தவர்கள். தண்ணீர்க் குடம் கட்டிவர, களைக்குப் போக என்று எத்தனையோ உபயோகம் அவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் நெருங்கிக் கேட்டால், வேலை முடிந்து சாயங்காலம் ரோட்டில் சும்மா ஒரு சுற்று ஓட்டிவந்ததைத்தான் கண் மின்னச் சொல்வார்கள். நாம் தேடுகிற வரலாறு அந்தச் சுற்றில் இருக்கிறது. ஊர்த்தெருவில் சைக்கிளை இறக்கி உருட்டிக்கொண்டு போ என்று ஆண்களுக்கே சொல்லிவந்த நாட்டில் அது சின்ன விஷயமா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொது இடத்தில் நாம் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுப்பதைக் குற்றமென்று தனியாகவே எழுதியிருக்கிறது. மசூரில் இறங்கிய சிறுவனின் காலிலும் புதுச் செருப்பு இருந்தது.

சைக்கிள் வந்த மாவட்டத்தில்தான் 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்க வந்த கலெக்டர் இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டார். புதுக்கோட்டை ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் எல்லோரும் ஒரே காகிதக் கோப்பையில் டீ குடிக்கிறோம். அங்கிருந்து கிளம்பும் ஊர்ப் பேருந்து நம்மைக் கொண்டுபோய் இறக்கும் இடத்தில் குவளை இரண்டாகிவிடுகிறது.

தண்டவாளத்தைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். நிலையத்தில் வண்டி நிற்கும்போது கழிப்பறையைப் பயன்படுத்தாதீர்கள் என்ற பலகையை ஆண்டாண்டாக எல்லோரும் படித்தோம். யாரும் மதித்ததில்லை. வண்டி போனபின் குழாயும் துடைப்பமுமாகத் தண்டவாளத்தில் இறங்கியவர்கள் யார் என்று பிளாட்பாரத்தில் நின்ற விடுமுறைக் குடும்பங்கள் பார்த்ததுமில்லை. மனிதக் கழிவகற்றும் வேலையைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டமே, பாதுகாப்புக் கருவி அணிந்தவரை அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட ஒரு சந்து வைத்தது. 2019 வாக்கில் பெட்டிகளில் உயிரிக் கழிப்பறை வந்து தண்டவாளம் ஓரளவு சுத்தமாயிற்று. அதே தண்டவாளத்தின் ஓரத்தில்தான் 2013இல் தருமபுரியில் இளவரசனின் உடல் கிடந்தது. 2015இல் பள்ளிபாளையம் அருகே கோகுல்ராஜின் உடல் கிடந்தது. காதலித்த, காதலித்ததாகச் சந்தேகிக்கப்பட்ட பிள்ளைகள். வேறொரு நாட்டில் அந்த வயதுப் பிள்ளைகள் கோடையில் தோழியோடு ரயிலேறி ஊர் சுற்றப் போயிருப்பார்கள்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு சுற்றுலா போவது ஒரு கேடா என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நிலமில்லை, சுடுகாட்டுக்குப் பாதையில்லை, நீங்கள் மெரினா என்கிறீர்களே என்கிறார்கள். அந்தக் கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் ஓய்வு பணக்காரன் சொத்து என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவன் யார்? அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவைக் கோயிலுக்கும் கிணற்றுக்கும் மட்டும் படித்தால் போதாது. கடை, உணவகம், விடுதி ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அமெரிக்காவில் அப்படியொரு சட்டம் வர 1964 ஆயிற்று, நமக்கு 1950. 43ஆவது பிரிவு, உழைக்கும் மக்கள் ஓய்வை முழுமையாகத் துய்க்கும் நிலையை அரசு உருவாக்க முயல வேண்டும் என்கிறது. இது தற்செயலாக வந்ததாக நாம் நினைக்கவில்லை. வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்கும் மசோதாவை நடத்திக்கொடுத்தவர் அம்பேத்கர். 1945இல் அது சட்டமாயிற்று. வாரத்துக்கு 54 மணி நேர வேலையை 48 ஆகக் குறைத்த 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தை அறிமுகப்படுத்தியவரும் அவரே. தன் விடுமுறையை மசூரில் பறிகொடுத்த சிறுவன், வளர்ந்ததும் பிறருடைய விடுமுறைக்குச் சட்டம் எழுதினான் என்று சொன்னால் அது மிகை ஆகாது. குறை ஒன்று உண்டு. ஆலைக்கு வந்த அந்தச் சட்டம் வயலுக்கு வரவில்லை. நம் மக்களில் பெரும்பாலோர் வயலில் இருந்தார்கள். நடவுக்காரிக்கு வேலை இல்லாத நாள் உண்டு. விடுமுறை நாள் கிடையாது. இட ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போன முதல் தலைமுறை, விடுப்புப் பயணச் சலுகையில் பிள்ளைகளை ரயிலேற்றியதுதான் பல குடும்பங்களின் முதல் சுற்றுலா. இட ஒதுக்கீட்டின் பயனைக் கணக்கிடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இந்தக் கோடையில் போகிறவர்களுக்குச் சில சொற்கள். பல்லவன் விடியலில் காரைக்குடியில் கிளம்பி, திருமயம், புதுக்கோட்டை வழியாக நடுப்பகலில் எழும்பூர் சேரும். இருக்கையில் உட்கார்ந்தபடியே போகலாம். இரவு வண்டிகளைவிட இதில் வேடிக்கை அதிகம். கந்தர்வகோட்டை, கறம்பக்குடி, விராலிமலை, பொன்னமராவதிப் பக்கத்துத் தோழர்களுக்கு ஊரில் ரயில் இல்லை. முதல்நாள் இரவே புதுக்கோட்டை வந்துவிடுவது நல்லது.

எழும்பூரில் இறங்கி நடந்துபோகும் தூரத்தில் அரசு அருங்காட்சியகம். உள்ளே அமராவதி பௌத்தச் சிற்பங்களின் முன் கொஞ்சம் நில்லுங்கள். அயோத்திதாசப் பண்டிதர் நாம் பூர்வ பௌத்தர் என்று சொன்ன நகரம் இது. ராயப்பேட்டையிலிருந்து 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர் அவர். அவருக்கும் ரெட்டமலை சீனிவாசனுக்கும் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் மணிமண்டபங்கள் இருக்கின்றன. பண்டிதருடையது 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கும் அவர் பெயர்தான். ராஜா அண்ணாமலைபுரத்தில் அண்ணலின் மணிமண்டபம். ஆனால் இவை எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகளை இழுத்தடிக்காதீர்கள். கடல் போதும் என்று அவர்கள் சொன்னால் கடல் போதும். தங்குவதற்கு லாட்ஜ் கட்டுப்படியாகாது, உறவினர் வீடுதான். அந்த வீடு நகரின் நடுவிலிருந்து பிடுங்கிக் கொண்டுபோய் நட்ட கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ இருக்கும். அங்கிருந்து மெரினாவுக்குப் பேருந்தில் ஆகும் நேரத்தைப் பார்த்தால், நகரம் நம் மக்களைக் கடலிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைத்திருக்கிறது என்பது பிள்ளைகளுக்கே விளங்கும்.

மாணவத் தோழர்களுக்கு இன்னொன்று. கொரோனாவுக்குப் பின் ரயில்வே பல சலுகைகளை நிறுத்திவிட்டது. மாணவர் சலுகை இன்னும் இருக்கிறது. சொந்த ஊருக்குப் போகவும் கல்விச் சுற்றுலாவுக்கும் இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பொதுப்பிரிவு மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கால் கட்டணம். கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் ஆண்டுக்கு ஒரு கல்விச் சுற்றுலா கால் கட்டணத்தில். விடுதியில் தங்கிப் படிக்கும் எத்தனை பேருக்கு இது தெரியும்? எத்தனை பள்ளிகள் கேட்டு வாங்குகின்றன? சலுகைப் படிவத்தில் தலைமையாசிரியரோ முதல்வரோ கையெழுத்திட வேண்டும், டிக்கெட்டை ஸ்டேஷன் கவுன்ட்டரில் எடுக்க வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. கோடை வண்டிகள் திறந்த கையோடு நிரம்பிவிடும். படிவத்தைத் தேர்வு தொடங்கும் முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்தபின் போனால் கையெழுத்துப் போட அங்கே ஆள் இருக்காது.